தெருவில் ஓடிய தண்ணீர்

பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் சங்கரன்கோவிலில் நான் தனியாக வசிக்கிறேன். முன்பெல்லாம் குடிநீர் திறந்துவிடும் இசக்கி, தெருவில் குரல் கொடுத்துக்கொண்டே போவார். இப்போது தண்ணீர் வரும் நேரம் நகராட்சியிலிருந்து செல்போனுக்கே வந்துவிடுகிறது. வசதிதான்.

சென்ற மாதம் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பும்போது முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்தேன். எழ முடியவில்லை. கூப்பிட்டும் யாருக்கும் கேட்கவில்லை. தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு ஓடியது.

"யக்கா, தண்ணி ரோட்டுல ஆறா ஓடுது, அடைக்க மாட்டியளா?" என்று திட்டிக்கொண்டு வந்த இசக்கிதான் என் முனகலைக் கேட்டு, பூட்டிய கேட்டில் ஏறிக் குதித்தார்.

இடுப்பு தேறிவிட்டது. இப்போது பாசியைத் தேய்த்துக் கழுவுகிறேன். தண்ணீர் வரும் நாளில் கேட்டைப் பூட்டுவதில்லை. தொட்டி நிரம்பியதும் குழாயை அடைத்துவிடுகிறேன். அதனால் என்னைத் திட்டக்கூட யாரும் வருவதில்லை.