வராத பேச்சிக்கு ஒரு ‘உள்ளேன்’

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். காளவாசல் பக்கம் ஒரு மூன்று மாடிக் கட்டடம், அதில் இரண்டாவது மாடியில் நாங்கள் முப்பது சொச்சம் பேர். மணி அடித்ததும் படி வழியாக இறங்கி, வண்டி நிறுத்தும் இடத்தில் வரிசையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். மணி அடித்தது. டிபன் டப்பாவோடு இறங்கியவர்கள் உண்டு. சார்ஜில் கிடந்த செல்போனுக்காகத் திரும்பி ஓடியவர்கள் உண்டு. லிஃப்டுக்காகக் காத்து நின்ற மகானுபாவர் ஒருவரும் உண்டு. நான் கைப்பையோடு குடையையும் எடுத்துக்கொண்டேன். தீக்குக் குடை எதற்கு என்று கேட்காதீர்கள், கைப்பழக்கம்.

கீழே ஒரு தகரத் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். எங்கள் காவலாளி தன் பங்குக்குக் காய்ந்த தென்னங்கீற்று இரண்டை இழுத்துவந்து போட்டார். சிவப்பு சிலிண்டரோடு வந்திருந்த வீரர், அணைப்பதற்கு முன்னால் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பட்டியலைப் பார்த்துப் பேர் வாசித்தார். “தங்கப்பாண்டி!” தங்கப்பாண்டி அந்த நேரம் எதிர்க்கடையில் உளுந்த வடையோடு நின்றது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்தில் நின்ற குமரேசன் கொஞ்சமும் யோசிக்காமல், “இருக்காரு சார்” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “இல்லாத ஆள எதுக்கு இருக்காருங்கிறீங்க? அறிவு வேணாம்?” என்று கத்திவிட்டேன். சிலிண்டர்க்காரரே ஒரு எட்டுப் பின்னால் போனார்.

“என்ன மேடம், ஒரு வடைக்கா இம்புட்டுக் கோவம்?” என்றார் குமரேசன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் கீற்று எரிகிற வாசனை அதற்குள் மூக்கில் ஏறியிருந்தது. அது ஏறிவிட்டால் எனக்கு வயது ஒன்பது.

நான் நான்காம் வகுப்புப் படித்தது கீற்றுக் கொட்டகையில். மிஷன் பள்ளிதான், முன்பக்கம் கல் கட்டடம், வளைவு வைத்த ஜன்னல் எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகள் பெருகப் பெருகக் கட்டடம் பெருகவில்லை, அதனால் எங்களைப் பின்பக்கம் கொட்டகையில் போட்டார்கள். குறை சொல்ல மாட்டேன். கொட்டகையில் இருந்த வசதி கல் கட்டடத்தில் கிடையாது. கணக்குப் பாடத்தின் நடுவே மேலேயிருந்து பல்லி விழும், அத்தோடு கணக்கு முடிந்தது. கீற்று ஓட்டை வழியாக வெயில் வட்டம் வட்டமாகத் தரையில் விழும். பத்தரை மணிக்கு என் சிலேட்டில் இருக்கும் வட்டம், பதினொன்றே காலுக்குப் பேச்சியின் முழங்காலுக்குப் போய்விடும். எங்கள் கடிகாரம் அதுதான்.

பேச்சி அலங்காநல்லூர்க்காரி. அவள் அப்பா கத்தரிக்காய், வெண்டைக்காயை விடியற்காலை வேனில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவருவார், வரும்போது அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவார். காய் வந்தால் பேச்சி வருவாள், காய் வராத நாளில் பேச்சியும் வரமாட்டாள். தை, மாசி மாதங்களில் காய் வருவது குறைந்துபோகும். அவர்கள் வீட்டில் ஒரு மாடு இருந்தது, வாடிவாசலில் அவிழ்த்துவிடுகிற மாடு. அதைக் குளத்தில் நீந்தவிடுவதும், மண்மேட்டைக் குத்தவிடுவதும், ஊர் ஊராகக் கூட்டிப்போவதுமாக வீடே அதன் பின்னால் போய்விடும். “ஒங்க மாடு எம்புட்டுப் பெருசுடி?” என்று கேட்டால், “இந்தக் கொட்டகைக்குள்ள நிக்காது” என்பாள். நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன்.

இதில் ஒரு சிக்கல். எங்கள் பள்ளியில் வருடம் முழுக்க ஒருநாள் விடாமல் வந்தவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுப்பார்கள், பேர் வெட்டிக் கொடுப்பார்கள். பேச்சிக்கு அந்த டம்ளர்மேல் உயிர். மாட்டையும் விட முடியாது, டம்ளரையும் விட முடியாது. அப்போதுதான் என் திறமை வெளிப்பட்டது. பேச்சிக்குக் கட்டைக் குரல், சளி பிடித்த ஆம்பளைப் பையன் மாதிரி. எனக்கு அந்தக் குரல் அப்படியே வரும்.

எங்கள் ஜெபமணி டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் வாசிக்கும்போது இன்னொரு வேலையும் செய்வார். பிள்ளைகள் பிளேடால் விரலை அறுத்துக்கொள்கிறார்கள் என்று எல்லா பிளேடையும் பிடுங்கி வைத்துவிட்டதால், வகுப்பின் பென்சில் முழுவதையும் அவரே சீவிக் கொடுக்க வேண்டும். தலை குனிந்தபடி ஒரு பேர், ஒரு சீவல், ஒரு பேர், ஒரு சீவல். “பேச்சியம்மாள்.” நான் முன்பெஞ்சுப் பையனின் முதுகுக்குப் பின்னால் குனிந்து, “உள்ளேன் டீச்சர்” என்பேன். நாலு பேர் தள்ளி என் பேர் வரும்போது என் சொந்தக் குரலில், கொஞ்சம் தேன் தடவி, இன்னொரு உள்ளேன். மறுநாள் பேச்சி பாவாடையில் முடிந்து கொடுக்காப்புளி கொண்டுவருவாள். அந்த வருடம் நான் தின்ற கொடுக்காப்புளிக்கு அளவே கிடையாது. என் தொண்டைக்குக் கிடைத்த முதல் சம்பளம் அது. அதற்குப் பிறகு பாட்டுப் போட்டியில் இரண்டு தரம் பாடினேன், இரண்டு தரமும் பாதியில் மணி அடித்து இறக்கிவிட்டார்கள்.

மாசியில் ஒரு திங்கட்கிழமை. பேச்சி வரவில்லை. நான் உள்ளேன் சொன்னேன். டீச்சர் குறித்துக்கொண்டார்.

மதியத்துக்கு முன்பு தீ பிடித்தது. சமையல் அடுப்பிலிருந்து வந்தது என்று சிலர், கரண்டு கம்பியிலிருந்து என்று சிலர், பக்கத்துத் தோட்டத்தில் சருகு கொளுத்தியதில் என்று சிலர், இன்றுவரை சரியாகத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், தரையில் இருந்த வெயில் வட்டங்கள் திடீரென்று ஒன்றையும் காணோம். மேலே பார்த்தால் புகை. ஜெபமணி டீச்சர் கத்தவில்லை. வரிசையாக, பையை விட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு என்று சொல்லிக்கொண்டே எங்களை வெளியே தள்ளிவிட்டார். எங்கள் வரிசை என்றைக்கும் அவ்வளவு நேராக இருந்ததில்லை. வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டோம். டீச்சர் கடைசியாக வந்தார், அக்குளில் பதிவேடு. அந்த அவசரத்திலும் பதிவேட்டை எடுத்துவரத் தோன்றியிருக்கிறது பாருங்கள், டீச்சர் என்றால் டீச்சர்தான்.

அங்கேயே பேர் வாசித்தார், இந்தமுறை தலை நிமிர்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து. பேச்சியின் பேர் வந்தது. ‘உள்ளேன்’ வரவில்லை.

“பேச்சி எங்க? காலைல இருந்தாளே? யாரு கடைசியாப் பாத்தது?”

நான் முதல் ஆளாக நின்றேன். அவர் என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறந்திருந்தால் முடிந்தது. ‘அவ வரல டீச்சர்’, மூன்றே வார்த்தை. அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது என்ன தெரியுமா? சொன்னால் பேச்சியின் டம்ளர் போய்விடும் என்பதுதான். அடிவாங்குவோமே என்ற பயம் அதற்கும் பிறகு. இதை எத்தனையோ தரம் பெரிய காரணமாக மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், மாறவில்லை. ஒரு டம்ளர்.

டீச்சர் பதிவேட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அவர் போனபின் எனக்கு வாய் வந்தது. “அவ வரல டீச்சர், அவ வரல” என்று கத்தினேன். அதற்குள் எல்லோரும் கத்த ஆரம்பித்திருந்தார்கள், கீற்று எரிகிற சத்தம் வேறு. கூரை உட்கார்ந்தது. டீச்சர் வெளியே வரவில்லை.

பேச்சியும் தீயில் போய்விட்டாள் என்றே முடிவுகட்டி, பள்ளியின் பியூனை மொபெட்டில் அலங்காநல்லூருக்கு அனுப்பினார்கள். அவர் பாவம், பதினைந்து கிலோமீட்டரும் அழுதுகொண்டே போயிருக்கிறார். ஊர் எல்லையில், கண்மாயில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையிடம், “பாப்பா, காய்க்கார வீட்டுப் பேச்சியம்மா வீடு எங்கருக்கு?” என்று கேட்டிருக்கிறார்.

“நாந்தேன் பேச்சி. என்னண்ணே, டம்ளர் குடுக்காகளா?”

பியூன் மொபெட்டைக் கண்மாயிலேயே போட்டுவிட்டார். மாடு மிரண்டு கரைக்கு ஏறி, அதைப் பிடிக்கப் பாதி ஊர் ஓடியதாம். இதைப் பேச்சி சொல்லிக் கேட்க வேண்டும். எத்தனை வருடம் ஆனாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்து முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டோம். இப்போது அவளுக்குப் பேரன் இருக்கிறான், மாடும் இருக்கிறது. பொங்கலுக்குப் போன் செய்வாள், உலகத்தில் உள்ளதெல்லாம் பேசுவோம், அந்தத் திங்கட்கிழமை வேப்பமரத்தடியில் நடந்ததை மட்டும் பேசுவதில்லை.

அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். பதிவேட்டில் பேச்சி வந்ததாகக் குறித்திருந்தது, பேச்சியோ உயிரோடு கண்மாய்க்கரையில் நின்றாள். “அந்தம்மா பென்சில் சீவிக்கிட்டே அட்டெண்டன்ஸ் போட்டிருக்கு சார், கவனிக்கல” என்று யாரோ சொன்னார்கள். அதுவே நிலைத்துவிட்டது. ஒரு பிள்ளைக்காக உயிரைக் கொடுத்தவர் என்று கோயிலில் போதகர் பேசினார், வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, பாவம், கவனக்குறைவு என்று பேசிக்கொண்டார்கள். ஒரு அதிகாரி என்னிடமும் குனிந்து, “ஒனக்கு எதாச்சும் தெரியுமா பாப்பா?” என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். முதல் தடவைக்கு டம்ளர் காரணம். இரண்டாம் தடவைக்கு வெறும் கோழைத்தனம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. டீச்சரின் கணவர் ஞானராஜ் சார், ரிட்டயர் ஆகி வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்தார். குளத்தங்கரைச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவரிடம் போய், பேர் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் உரித்த கடலை கையிலேயே இருந்தது.

“ஒனக்கு அப்ப என்ன வயசு?”

“ஒம்பது சார்.”

“ஒம்பது” என்று அவரும் சொன்னார். பிறகு, “அந்தக் கட்டைக் குரல் நீதானா? அவ சொல்லிருக்காம்மா. ‘ரெண்டு கழுதைக இருக்குதுக, எது கத்துதுன்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது’ன்னு வீட்டுல வந்து பேசிக் காட்டுவா. நாங்க சிரிச்சு உருளுவோம்.”

“அப்ப அவங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா சார்?”

“இருந்திருக்கும். சந்தேகத்த வச்சுக்கிட்டு ஒரு புள்ளைய உள்ள விட்டுட்டு நிக்க முடியுமா?”

நான் அழுதேன். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன். அவர் கடலையை என் கையில் வைத்துவிட்டு, நான் ஓயட்டும் என்று காத்திருந்தார். பிறகு கேட்டார்: “ஒங்கிட்டத்தான அட்டெண்டன்ஸ் புஸ்தகத்தக் குடுத்துட்டுப் போனா? என்ன சொல்லிட்டுப் போனா?”

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். “‘ஒருத்தரும் வெயில்ல நிக்கக் கூடாது, வந்துருறேன்’னாங்க சார்.”

“கோவமாச் சொன்னாளா?”

“இல்ல சார். அவசரமா.”

“அவளுக்கு எப்பவும் அவசரம்” என்று சிரித்தார். “தோசைய வேகவிட மாட்டா. நான் பச்சைத் தோசை தின்னே காலத்த ஓட்டுனேன்.”

அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போவேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது மாதிரி அதையே கேட்பார், நானும் புதிதாகச் சொல்வது மாதிரி சொல்வேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான், பிறகு கேக் வரும். ஒருமுறை, “நான் எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லவா சார், டீச்சர் மேல தப்பில்லன்னு?” என்று கேட்டேன். “யாருகிட்டப் போயிச் சொல்லுவ? பேசுனவுங்க பாதிப்பேரு போய்ச் சேந்துட்டாக” என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

போன கார்த்திகையில் ஞானராஜ் சாரும் போய்விட்டார். பள்ளிக்கூடம் எப்போதோ இடம் மாறிவிட்டது. அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம், வேப்பமரம் நின்ற இடத்தில் ஜெனரேட்டர். கீற்றுக் கொட்டகையில் பாடம் நடத்தக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது, நல்லதுதான். விசாரித்த அதிகாரிகள், செருப்பு மாட்டிக்கொண்டே பேசியவர்கள், யாரும் இல்லை. சொல்வதற்கு நான் தேடிவைத்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராகத் தீர்ந்துபோய், கடைசியில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். ஜெபமணி டீச்சர் கவனக்குறைவாக இருக்கவில்லை. அவரை உள்ளே அனுப்பியது நான்.