தம்பியின் போனில் என் கையெழுத்து

மாமல்லபுரம் பக்கம் கடலை ஒட்டிய ஒரு பெரிய விடுதியில் எனக்கு லாண்டரி வேலை. விருந்தாளிகள் படுத்த விரிப்பு, துடைத்த துண்டு எல்லாம் அங்கேதான் வரும். வேலையை வாங்கித் தந்தவன் என் தம்பி. அவன் அங்கே சூப்பர்வைசர்.

விரிப்பு தேய்க்கும் மெஷினில் என்னோடு நின்றவள் புதுப்பட்டினத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஈர விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்துச் சூடான உருளைக்குள் விடவேண்டும். கை கிட்டே போனால் மெஷின் தானாக நின்றுவிடும்படி உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. அது ஒரு மாதமாக வேலை செய்யவில்லை. தம்பியிடம் சொன்னது நான்தான்.

"ஆளு வருவான்க்கா. அதுவரிக்கும் கைய பாத்து வுடுங்க."

ஆள் வரவில்லை. அவளுடைய வலது கையில் மூன்று விரல் போயிற்று.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வெளியூர். லீவு நாளில் நான் போய்க் கூட உட்கார்ந்தேன்.

அந்த வாரம் தம்பி எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தான். "எல்லாருக்கும் போன்ல லிங்க் வரும். ஆதார் நம்பர் போட்டா ஓடிபி வரும். அத்த போட்டா கையெழுத்து ஆயிடும். பேப்பரும் வோணாம், பேனாவும் வோணாம்."

"எதுக்கு?" என்றேன்.

"அவ இன்சூரன்சுக்குத்தான்."

எனக்கு வந்ததைத் திறந்தேன். எல்லாம் இங்கிலீஷ். நான் அஞ்சாவது வரைக்கும்தான்.

"தமிழ்ல படிச்சு சொல்லு. அப்பால போடறேன்."

"எங்கக்கா பெரிய வக்கீலு. கட்சிக்காரன் வெளிய நிக்கிறான், போய்ப் பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மற்ற நாலு பேரும் நின்ற இடத்திலேயே போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. அவனும் அப்புறம் கேட்கவில்லை. விட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. இடது கையால் போனை நீட்டினாள்.

"எனக்கு இங்கிலீஷ் வராதே" என்றேன்.

"எனக்கு வரும். பன்னெண்டாவது படிச்சவ நானு. இன்சூரன்சுல இத்த அனுப்பிச்சாங்க. படிக்கிறேன், கேளு."

படித்தாள். மெஷின் நல்ல நிலையில் இருந்ததாம். கம்பியை அவளே கயிறு போட்டுக் கட்டிவிட்டு வேலை செய்தாளாம். சொல்லியும் கேட்கவில்லையாம். கூட வேலை செய்த நாங்கள் கண்ணால் பார்த்தோமாம். கீழே ஐந்து பேர். இரண்டாவது பெயர் என்னுடையது. பக்கத்தில் தேதி, நேரம்.

"ஞாயித்துக்கெழம, காலைல பதினொன்னு பத்து. அன்னிக்கு அந்நேரம் நீ எங்க இருந்த?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அவளே சொன்னாள். "எனக்குக் கஞ்சி ஊட்டிகினு இருந்த. ஒரு கையில ஸ்பூனு. இன்னொரு கையில இத்த போட்டுகினு இருந்தியாக்கா?"

"நான் போடல."

"ஓடிபி இல்லாம இது வுழாது. விசாரிச்சுட்டேன். யாருக்கு வந்துது ஓடிபி? நர்சம்மாவுக்கா?"

என் போனை எடுத்துப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மெசேஜும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆதார் எடுத்தபோது என்னிடம் போன் கிடையாது. தம்பி நம்பரைக் கொடுத்தேன். எங்கள் பக்கம் பொம்பளைகள் பாதிப் பேர் அப்படித்தான், புருஷன் நம்பர், அண்ணன் நம்பர். பிறகு போன் வாங்கியும் நான் மாற்றவில்லை. எதற்கு ஓடிபி வந்தாலும் அவன் கூப்பிட்டுச் சொல்வான். சில நேரம் அவனே போட்டுவிடுவான். நல்லதாப் போச்சு என்று இருந்தேன்.

சொன்னேன். அவள் கேட்டாள். நம்பினாளா தெரியாது.

"உன் தம்பின்னு வெளிய சொல்லுவியா?" என்றாள்.

ஆரஞ்சைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தம்பி வீடும் எங்கள் தெருதான். வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என் கையெழுத்த நீ போட்டியா?"

தண்ணீர்க் குழாயை மூடினான். "மேல அஞ்சு பேர் வோணும்னாங்க. நீ ஒருத்தி போடலன்னா ஏன்னு கேப்பாங்க. கம்பி ரிப்பேருன்னு நீ சொன்னது வெளிய வரும். மொதல்ல என் வேல போவும், அப்பறம் உன்னுது."

"பொய்தான அது."

"அவளுக்கு எதுனா செய்வாங்கக்கா. அவ இன்னா உனக்கு ஒறவா?"

"கூட நின்னவ."

"பேஜாரு பண்ணாத. ஒரு ஓடிபி. இதுக்கு மின்ன எத்தினி வாட்டி உனக்காக நான் போட்டுக்கீறேன். ஒரு வாட்டியாவது ஏன்டான்னு கேட்டியா?"

கேட்டதில்லை. அதுதான் வலித்தது. அம்மா நடவுக்குப் போன நாளெல்லாம் நான் இடுப்பில் தூக்கி வைத்திருந்த பிள்ளை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் அவன் என்னைக் கூப்பிடவில்லை.

அவள் கொடுத்த மனுவின் பேரில் செங்கல்பட்டு லேபர் ஆபீசில் விசாரணை. கம்பி ரிப்பேர், கையெழுத்து நான் போடவில்லை என்று தமிழில் ஒரு பக்கம் நானே எழுதி எடுத்துப்போனேன். அங்கிருந்த மேடம் அதைப் படித்துவிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஆதார் மூலமா நீங்க போட்டதாத்தான் இதுல இருக்கும்மா."

"அந்த நம்பர் என்னுது இல்லீங்க."

"யாருது?"

மேடம் அவசரப்படுத்தவில்லை. "பேர் சொன்னா அந்த ஆள் மேல கேஸ் ஆகும். சொல்லலன்னா நீங்க போட்டதாத்தான் எடுத்துப்பாங்க. வெளிய ஒக்காந்து யோசிச்சுட்டு வாங்க."

வெளியே பெஞ்சில் அவள் இருந்தாள், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. திரும்பி உள்ளே போனேன்.

"என் தம்பியுதுங்க. என்னைக் கேக்காம போட்டான்."

எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன்.

வெளியே வந்ததும் அவள் எழுந்தாள். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இனிமே வூட்டுக்கு எப்டிக்கா போவ?"

"பஸ்லதான்."

அவள் சிரிக்கவில்லை.

விசாரணை இன்னும் முடியவில்லை. என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி பேசுவதில்லை. கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறான். கேட்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் மறுப்பதில்லை.