பேர்பெச்சுவாவின் கரவனும் கிழட்டுப் பிக்கப்பும்

ஹம்பேர்க்கில் பேர்பெச்சுவா ஓட்டுவது இரண்டு பெட்டி சேர்த்த நீளப் பேருந்து. திருப்பங்களில் அதன் பின்பாதி வளைந்து வருவதைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தெருக் கிறிஸ்ரியன் விற்க நிறுத்தியிருந்த கரவனுக்குள், காரில் கொழுவி இழுக்கும் வீட்டுவண்டிக்குள், ஏறிப் பார்த்தாள். சின்ன அடுப்பு, சின்னக் கட்டில், செம்மஞ்சள் திரைச்சீலை. கட்டிலில் ஒருமுறை உருண்டு பார்த்தாள். இறங்கியதும், "இது எங்களுக்குத்தான்" என்று கைகொடுத்துவிட்டாள்.

மாபிள் பதிக்கிற வேலை செய்யும் கணவன் யூட்சன் தலையில் கைவைத்தான்.

"இஞ்சாரும், எங்கட கிழட்டுப் பிக்கப் அதை இழுக்குமோ எண்டு யோசிச்சனீரோ?"

"நான் நாள்முழுக்க அரைவாசி ஹம்பேர்க்கை இழுக்கிறன். இதென்ன பெரிய வேலை!"

"உம்மட பஸ் அதுக்கெண்டு செய்தது. இது ஏலாமல் நடுறோட்டில நிண்டால்?"

இருவரும் பிக்கப்பின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். அது இழுக்கக்கூடிய நிறைக்குச் சற்றுக் கீழேதான் கிறிஸ்ரியன் தந்த பத்திரத்தில் கரவனின் நிறை இருந்தது. பேர்பெச்சுவா நடைபாதையிலேயே ஆடத் தொடங்கினாள்.

"பொறும். அது வெறும் கரவன்ர நிறை. உள்ளுக்க என்ன கிடக்கோ, ஆருக்குத் தெரியும்?" என்றான் யூட்சன்.

கிறிஸ்ரியனின் காரே கரவனை இழுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனது. அங்கே லொறி நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. நிறுத்துப் பார்த்தால், எல்லையைத் தாண்டி நின்றது! பேர்பெச்சுவாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. உள்ளே பாய்ந்து கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தாள். பெட்டி நிறைய, உருட்டிக் கட்டைகளை விழுத்தி விளையாடும் கனத்த பந்துகள்.

"என் கேகல் பந்துகள்! யாரோ திருடிவிட்டதாகக் கிளப்பில் எல்லோரையும் சந்தேகப்பட்டேனே!" என்று கிறிஸ்ரியன் கத்தினான்.

தண்ணீர்த் தொட்டியும் நிரம்பியிருந்தது. யூட்சன் அடைப்பைத் திறக்க, தண்ணீர் பீறிட்டுத் தராசுக்காரரின் சப்பாத்தை நனைத்தது. அவரும் சிரித்துவிட்டார். பந்துகளையும் இறக்கிவிட்டு மறுபடி நிறுத்தார்கள். இப்போது சரி.

கிறிஸ்ரியன் இழுத்துவந்து விட்ட கரவனை வீட்டு வாசலில் பிக்கப்பில் கொழுவியதும் அடுத்த வில்லங்கம். பிக்கப்பின் பின்பக்கம் குந்திவிட்டது. முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. கொழுவும் முனையான கரவனின் மூக்கு எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க, அதைப் பிக்கப்பிலிருந்து கழற்றி, யூட்சன் குளியலறைத் தராசை அதன் கீழே வைத்தான். கரவனுக்குள் கிடந்த கூடாரச் சாமான்களை மூக்குப் பக்கத்திலிருந்து சக்கரத்துக்கு மேலே நகர்த்த நகர்த்த முள் இறங்கியது.

"ஐயோ, என்னிலும் குறைஞ்சிட்டுது!" என்று பேர்பெச்சுவா கைதட்டினாள்.

மறுநாள் காலை வெறுந்திடலில் பிரேக்கைப் பலமுறை அழுத்திப் பார்த்தார்கள். ஒழுங்காக நின்றது. பிறகு துறைமுகத்தின் உயரப் பாலம். பேர்பெச்சுவா கியரைக் குறைத்து மெல்ல ஏற்றினாள். என்ஜின் முனகியது, யூட்சன் மாதாவைக் கூப்பிட்டான். வேகமுள் சரிந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. உச்சிக்கு வந்ததும் அவள் கூவிய கூவலுக்கு, பின்னால் வந்த லொறிக்காரனும் ஹோர்ன் அடித்தான்.

"இனி வீட்டுக்கோ?" என்று கேட்டாள்.

"விசரே உமக்கு? கடலுக்கு விடும்!" என்றான் யூட்சன்.

அன்று மாலையே கடற்கரை முகாமில் மழை கூரையைத் தட்டியது. கட்டில் யூட்சனுக்குக் கட்டை; கால் இரண்டும் கதவுக்கு வெளியே நனைந்தன.

"இப்ப நீங்கள்தான் கூடுதல் சாமான்," என்றாள் பேர்பெச்சுவா. சிரித்த சிரிப்பில் கரவனே ஆடியது.