தோளில் இருப்பது மம்முட்டியா?

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டில் கல்யாண வீடியோ போட்டார்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டின் முதல் மாடியில் இருக்கும் ராஜாமணியம்மா, துடியலூரில் பெரிய மண்டபம் பிடித்து மகள் கல்யாணத்தை நடத்தியவர். வீடியோ கைக்கு வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். காராசேவு, காபி, சுவரளவுக்கு ஒரு டி.வி. ஞாயிற்றுக்கிழமைக்கு வேறென்ன வேண்டும்?

இப்போதெல்லாம் ட்ரோன் இல்லாமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஏது? மாப்பிள்ளை லேட்டாக வரலாம். ட்ரோன் லேட்டாகக் கூடாது. வீடியோவில் ஊரே அண்ணாந்து பார்த்துக் கை ஆட்டுகிறது. சமையல்காரர்கள் கரண்டியோடு ஆட்டுகிறார்கள். நானும்தான்... பட்டுப்புடவையின் பெருமை வானத்துக்கும் தெரிய வேண்டாமா?

அப்புறம் ஒரு காட்சி. கை ஆட்டும் கூட்டத்துக்குக் குறுக்கே, யாரையும் கவனிக்காமல் ஒரு வழுக்கைத் தலை போகிறது. தோளில் நீளமாக ஏதோ. பார்த்தால், என் கணவர்! சுருட்டிய ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போகிறார். யார் வீட்டுக் கல்யாணமானாலும் கூலி வாங்காத சுமைதூக்கி அவர். ஹாலே சிரித்தது.

என் பக்கத்தில் இருந்த மகேசு மட்டும் சிரிக்கவில்லை.

“ஆயுதத்தோட ஒரு ஆளு” என்றாள்.

மெல்லத்தான் சொன்னாள். எனக்கு மட்டும் கேட்டது. அவளுடைய ஆள்காட்டி விரல் முழங்கால் மேல் சின்னதாக ஒரு கட்டம் போட்டது. பிறகு திடுக்கிட்டு என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

மகேசு எங்கள் எதிர் ஃப்ளாட்டில், ஒரு தோழியோடு வாடகைக்கு இருக்கும் பெண். கழுத்தில் ஐ.டி. கார்டு, காதில் ஹெட்போன் என்று சரவணம்பட்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்படுகிற பெண்களில் ஒருத்தி. ஆனால் அபார்ட்மென்ட்டில் என்னை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடாமல் ‘அக்கா’ என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன். அதனால் எனக்கு அவள் மேல் ஓரவஞ்சனையான பிரியம் உண்டு. (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதுவது அவள் சம்மதத்தோடுதான்.)

சில மாதங்களாகவே அவளிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்திருந்தேன். மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வந்தால் வெட்டவெளியில் இருக்கும் கொடிக்கு வரவே மாட்டாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலிலேயே பிழிந்து, உதறி, அங்கேயே ஒரு கயிறு கட்டிக்கொண்டாள். ஏதோ முகம் கறுத்துவிடும் என்கிற பயம் என்று நினைத்து, “இந்த வயசுல வெய்யில் பட்டா ஒண்ணும் ஆயிராது அம்மணி” என்று கிண்டல்கூடச் செய்தேன். சிரித்து மழுப்பிவிட்டாள்.

வீடியோ முடிந்ததும் அவளை எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தேன். சமையலறையில் உட்கார வைத்து, “ஏன் கண்ணு, எங்க ஊட்டுக்காரர் உன்னை என்ன பண்ணுனாரு? ஆயுதம் கீயுதம்ங்கறே?” என்று கேட்டேன்.

“அய்யோ, மன்னிச்சுக்குங்க அக்கா. ஆபீஸ் பழக்கமுங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்தெல்லாம் வாங்கியிருக்காங்க...”

கையெழுத்து வாங்கினால் வாய் நிற்குமா? அதுவும் காபி டம்ளருக்கு முன்னால்? கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

அவள் வேலை, படங்களில் கட்டம் போடுவது. கம்ப்யூட்டருக்குக் கண் உண்டு, அறிவு கிடையாது. இது ஆள், இது லாரி, இது மாடு என்று யாராவது ஆயிரம் முறை சொல்லிக்கொடுத்தால்தான் அதற்குப் புரியும். முதலில் அவளுக்குத் தக்காளிப் படங்கள் வந்தன. பழுத்ததா, காயா என்று கட்டம் போட வேண்டும். அப்புறம் டிரைவர் இல்லாமல் ஓடும் காருக்காக ரோட்டுப் படங்கள். அப்புறம்தான் இந்தப் படங்கள் வந்தன.

எல்லாம் மேலிருந்து எடுத்தவை. ரொம்ப உயரத்திலிருந்து. ஏதோ ஒரு நாடு. என்ன நாடு என்று யாரும் சொல்லவில்லை. இவர்களாக ஊகித்துக்கொண்டதுதான். எங்கேயோ ஒரு தீவிரவாதக் கும்பல், பள்ளிக்கூடங்களைக்கூட விடாமல் ஊர் ஊராக நாசம் செய்கிறது. அந்த நாட்டு அரசாங்கத்தால் சமாளிக்க முடியவில்லை. இன்னொரு நாட்டின் ராணுவம் உதவிக்குப் போய், வானத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறது. தேடும் இயந்திரத்துக்குப் பாடம் எடுக்கும் டீச்சர்களில் ஒருத்தி, சரவணம்பட்டியில் ஏ.சி. குளிரில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் நம் மகேசு!

டி.வி.யில் இந்தச் செய்திகள் அடியில் ஓடும். ‘தீவிரவாதிகள் பலர் பலி’. நாம் உப்புமா கிண்டிக்கொண்டே வாசித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம், இல்லையா? அந்த வரி எழுதப்படுவதற்கு எத்தனையோ கட்டங்கள் போட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“ஆளுக அரிசி அளவுக்குத்தான் தெரிவாங்க அக்கா. மூஞ்சி தெரியாது. ஒருத்தர்கூட மேல பாக்க மாட்டாங்க. மேல ஒண்ணு நிக்கிறதே அவங்களுக்குத் தெரியாதுங்க.”

அதைச் சொல்லும்போது அவள் எங்கள் சமையலறைக் கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரே இடம் அடிக்கடி வருமாம். நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு வீடு. பக்கத்தில், ரோட்டை ஒட்டி ஒரு வாய்க்கால். கூரைமேல் எதையோ காயப்போடும் ஒரு பெண். வாய்க்கால் கரையில் வரிசையாக நிற்கும் சில ஆண்கள். ஒவ்வொருவர் தோளிலும் நீளமாக ஒன்று.

மகேசு சுல்தான்பேட்டைப் பக்கத்துப் பெண். அப்பா அடுத்தவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர். வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும் நாளில், தங்கள் முறை வருவதற்காக மம்முட்டியை, அதாவது மண்வெட்டியை, தோளில் போட்டுக்கொண்டு கரையில் வரிசையாக நிற்பார்களே... அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. எந்த யோசனையும் இல்லாமல் ‘ஆள், ஆயுதம் இல்லை’ என்று கட்டம் போட்டு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அந்தப் படம் சிவப்பு அடித்துத் திரும்பி வந்தது. தவறு. மாற்றவும். விதி இதுதான். ரோட்டோரம் கூட்டமாக நிற்கிறார்கள், தோளில் நீளமான பொருள் இருக்கிறது என்றால் அது ஆயுதம்.

அவளுடைய டீம் லீடர் சாதிக், போத்தனூர்ப் பையன். நல்ல மாதிரியாம். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறான். “இதெல்லாம் பழைய படங்க, மகேசு. மெஷினுக்குச் சொல்லிக்குடுக்கறதுக்குத்தான். நீங்க க்ளிக் பண்றதால அங்க எதுவும் நடக்கப்போறதில்லைங்க.”

“அப்ப நடக்கறதெல்லாம் நடந்து முடிஞ்சுபோச்சுங்களா?” என்று கேட்டிருக்கிறாள் இவள்.

சாதிக் தன் காலி டம்ளரை எடுத்துக்கொண்டான். காபி மெஷின் பக்கம் எழுந்து போய்விட்டான்.

இந்த இடத்தில் என் கணவர் உள்ளே வந்தார். ஜமுக்காளம் தூக்கிய அதே மனுஷன்தான். பாதிக் கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வது அவர் வழக்கம். “பள்ளிக்கொடத்தையே கொளுத்தறவனுகளைத் தேடித்தானுங்க ஆகோணும். கை கட்டி உக்காந்தா யாரு நிறுத்தறது?” என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் இந்தக் கோயமுத்தூரில், யாரோ விட்டுப்போன பையைப் பார்த்தால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறோம். பயம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குண்டு வைத்தவனை முன்னாலேயே யாராவது பிடித்திருக்கக் கூடாதா என்று அழுதவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

அதனால் நானே கேட்டேன். “ஏன் கண்ணு, ஒருவேளை அது துப்பாக்கியாவே இருந்தா? நீ உங்கப்பாவையே எல்லாத்துலயும் பாக்கறயோ என்னமோ?”

அவள் கோபப்படவில்லை. “இருக்கலாமுங்க அக்கா. அதையேதானுங்க நானும் நெனைக்கறேன். துப்பாக்கின்னு வெச்சுக்கங்க... நான் மம்முட்டின்னு உட்டுப்போட்டா அது நாளைக்கு ஒரு பள்ளிக்கொடத்துக்குப் போகும். மம்முட்டின்னு வெச்சுக்கங்க... நான் துப்பாக்கின்னு போட்டுப்போட்டா...”

“அப்புறம் என்னதான் போட்டே?”

“தெளிவில்லைன்னு ஒரு பட்டன் இருக்குதுங்க. அதை அமுக்கினேன். அடிக்கடி அமுக்கினா மார்க் போயிரும், ப்ராஜெக்ட்ட உட்டே தூக்கிருவாங்க. ஆனாலும் அமுக்கினேனுங்க.”

அவளுக்கு மேலே இருக்கும் யாரோ அதை மாற்றியிருப்பார்கள். என்னவாக மாற்றினார்கள் என்று அவளுக்குக் காட்ட மாட்டார்களாம்.

திங்கட்கிழமை மாடியில் தொட்டிக்கடியில் ஒட்டடை அடிக்கப் போனேன். வேலை முடிந்து, ஒட்டடைக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெட்டவெளியில் பத்தடி நடந்திருப்பேன்... கால் நின்றுவிட்டது. வானத்தில் ஒன்றுமில்லை. உயரத்தில் ஒரு பருந்து மட்டும் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கம்பை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நிழலுக்கு வந்து சேர்ந்தேன். யாருக்குப் பயந்து என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் மகேசு வேலையிலிருந்து வந்ததும் நேராக எங்கள் கதவைத்தான் தட்டினாள். ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றவில்லை.

“இன்னிக்கு அந்த இடம் மறுபடி வந்துச்சுங்க அக்கா. அதே வாய்க்கா. அதே நீலத் தார்ப்பாய். ஆளே இல்லீங்க.”

“எங்கியாச்சும் போயிருப்பாங்க. சந்தைக்கு, கிந்தைக்கு...”

“மடை தொறந்தபடியே கெடக்குதுங்க. வயல் ரொம்பி, வரப்பு ஒடைஞ்சு, தண்ணி ரோட்டு மேல ஓடுது. அடைக்க ஆளில்லீங்க.”

நான் டவுன்காரி. தண்ணீர் ஓடினால் குழாயை மூடத் தெரியும், அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்பது போல அவளைப் பார்த்திருப்பேன் போலிருக்கிறது.

“முறைத் தண்ணிய அப்படி உட்டுப்போட்டு யாராச்சும் போவாங்களா அக்கா? எங்கப்பா காய்ச்சல்ல எந்திரிக்க முடியாமக் கெடந்தப்பக்கூட, செவுத்தப் புடிச்சு நடந்து போய் மடைய அடைச்சுப்போட்டு வந்து படுத்தாருங்க. அத்தனை ஊட்டுலயும் சேத்து ஒரு ஆளு இருந்திருந்தாலும் அடைச்சிருக்கமாட்டாங்களா?”

இந்த முறை எனக்குப் புரிந்தது. உண்மையாகவே பயமாக இருந்தது. இரண்டு பேரும் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தோம். லிஃப்ட் யாரையோ ஏற்றிக்கொண்டு மேலே போனது.

“அதுக்கு என்ன கட்டம் போட்டே?” என்றேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

“ஆள் இல்லைன்னா கட்டம் எதுக்குங்க? ‘ஒன்றுமில்லை’ன்னு அமுக்கிப்போட்டு அடுத்ததுக்குப் போகோணும். அமுக்கிப்போட்டேனுங்க.”

ஒரே ஒரு நம்பிக்கை அவளுக்கு மிச்சமிருக்கிறது. படங்கள் தேதி வரிசையில் வருவதில்லை. கலைத்துப்போட்டுத்தான் கொடுப்பார்களாம். அந்த வெற்றுக் கரை, ஆண்கள் வரிசையாக நின்ற படத்துக்கு முன்னால் எடுத்ததாக இருந்தால், எங்கேயோ போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பின்னால் எடுத்ததாக இருந்தால்... சாதிக்கைக் கேட்டிருக்கிறாள். அவனுக்கும் தெரியாது. அவனுக்கு மேலே இருப்பவர்களுக்குத் தெரியலாம். அவர்கள் யார் என்று அவனுக்கே தெரியாது.

எனக்குப் பொறுக்கவில்லை. “இந்த வேலைய உட்டுப்போடு அம்மணி. உனக்கு என்ன தலையெழுத்தா? அந்தத் தக்காளிக்கே திரும்பிப் போயிரு” என்றேன்.

அவள் ஐ.டி. கார்டின் நாடாவை விரலில் சுற்றினாள். அப்புறம் சொன்னாள்:

“உட்டுரலாமுங்க அக்கா. ஆனா நாளைக்கே அவங்க திரும்பி வந்து கரையில நின்னா... வந்துட்டாங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்கு ஒருத்தராச்சும் வேணுமில்லீங்களா?”