ஏழாவது ஆள்

ஏழு பேர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். சனிக்கிழமை மாலை பல் கிளினிக்கின் ஷட்டர் பாதி இறங்கியதும், வரவேற்பு மேசைக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் போனை எடுப்பது இந்த எண்ணுக்காகத்தான். உள்ளே டாக்டர் கை கழுவிக்கொண்டிருப்பார். வாசலில் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார். மறுமுனை "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் இவர் கேட்டுவிடுவார்: "நாளைக்கு வரீங்கள்ல?"

வாரத்தில் ஆறு நாள் இதே குரலில் பல் பிடுங்கிக்கொள்ளக் கூப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு மலை ஏறக் கூப்பிடுகிறார். குரலில் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஞாயிறு நடைக் கழகத்தில் அவருக்கு 'வரீங்கள்ல அக்கா' என்று பெயர் விழுந்து வருஷக்கணக்காகிறது. செயலாளர் ஒருவரைத் தவிர அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும்.

"வர முடியுமா?" என்று அக்கா கேட்டதே இல்லை. கூட்டம் கூட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முடியுமா என்று கேட்பவன், முடியாது என்ற பதிலைத் தானே எடுத்து எதிராளி கையில் கொடுக்கிறான். அக்கா அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். வெள்ளிக்கிழமை கூப்பிடவும் மாட்டார். வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் சாக்கு யோசிக்க ஒரு முழு நாள் கிடைத்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் எவருக்கும் மூளை ஓடாது. வாயில் வருவது "சரி" மட்டும்தான்.

ஆளுக்கொரு தூண்டில் வைத்திருக்கிறார். சாவியைத் தொலைத்தவர்களெல்லாம் ஞாயிறு பார்த்துத்தான் பூட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். அவரிடம், மலைக்கு அந்தப் பக்கம் போனில் சிக்னலே கிடையாது என்று ஆறுதல் சொல்வார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சரிடம், ஆறு நாளாக அடுத்தவர் காலை நம்பி உட்கார்ந்திருந்தீர்கள், ஒரு நாளாவது சொந்தக் காலை நம்புங்கள் என்பார். நாற்காலி, கட்டில் விற்கும் கடைக்காரத் தம்பதியை மட்டும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். கணவரிடம் "அண்ணி வரேன்னுட்டாங்க" என்பார். போனை வைத்த கையோடு மனைவியைக் கூப்பிட்டு "அண்ணன் ஷூவைத் தொடச்சு வச்சுட்டாரு" என்பார். இதைப் பொய் என்று சொல்லக் கூடாது. கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை. ஞாயிறு காலையில் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மௌனி என்று ஒருவர் இருக்கிறார். உயரமான ஆள். வாயைத் திறக்க மாட்டார். என்ன வேலை பார்க்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவரிடம் அக்கா ஒரு வரி பேசிவிட்டு மூச்சுச் சத்தத்தைக் கவனிப்பார். போன் மெதுவாக வைக்கப்பட்டால் வருகிறார் என்று அர்த்தம்.

ஏன் ஏழு? விதி அப்படி. ஏழு பேர் இல்லாமல் நடை கிடையாது. விதியை எழுதியவர் செயலாளர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். முள் காட்டுவதைவிட ஒரு சொட்டு கூட்டியும் எழுத மாட்டார், குறைத்தும் எழுத மாட்டார். காட்டுப் பாதையில் ஒருவருக்கு அடிபட்டால் இரண்டு பேர் துணைக்கு இருக்க வேண்டும், இரண்டு பேர் உதவி தேடிப் போக வேண்டும் என்று அவர் விளக்குவார். மிச்சம் இரண்டு பேர் எதற்கு என்று கேட்டால் பூட்டுக்காரர் பதில் வைத்திருக்கிறார்: "யாரு தப்புன்னு சண்டை போட."

இன்னொரு விதியும் உண்டு. தொடர்ந்து மூன்று ஞாயிறு நடை நின்றுபோனால் கழகம் கலைந்தது. நகரத்தின் அந்தக் கோடியில் பெரிய நடைக் கழகம் ஒன்று இருக்கிறது. கலைந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் தயார். அக்கா ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். மெதுவாக நடந்தால் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் கத்துகிறது. உச்சிக்குப் போனதும் ஒருத்தரும் உட்காரவில்லை. போட்டோ எடுத்தார்கள், இறங்கினார்கள். பக்கத்தில் நடந்த அம்மாளுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூடத் தெரியாமல் வீடு திரும்ப வேண்டியிருந்தது. "அது நடையில்லங்க, பஸ்ஸை விட்டவன் ஓடற ஓட்டம்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அக்காவுக்கு இந்தக் கழகம் எதற்கு என்று கேட்பவர்கள் அந்த வரவேற்பு மேசையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். முன்னால் சுவர், பின்னால் பல் ராவும் சத்தம். போனில் நாள் முழுக்க, "இந்த வாரம் வேண்டாமே", "வலி நின்னுடுச்சு", "அப்புறம் கூப்பிடறேன்". அவர் காதுக்கு வருகிற குரல்களில் பாதி தப்பித்து ஓடுகிற குரல்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் குரல்கள் கால் முளைத்து எதிரே வந்து நிற்கின்றன. பஸ் நிலையத்தில் நின்று ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சம்பளத்தைக்கூட அவர் அப்படி எண்ணியதில்லை.

போன மாதம் இரண்டு ஞாயிறு தவறிப்போனது. முதல் வாரம் பேய்மழை, நான்கு பேர். அடுத்த வாரம் தம்பதிக்குள் நிஜமாகவே தகராறு, ஐந்து பேர். ஐந்தை ஏழு என்று சொல்ல அக்காவுக்கு ஒரு நொடி போதும். செயலாளர் பஸ் நேரம் கேட்கப் போயிருந்தார்; மற்ற இருவர் அடுத்த பஸ்ஸில் வருகிறார்கள் என்றால் நம்பிவிடுவார். அக்கா ஐந்து என்றே சொன்னார். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை அக்கா வெறியோடு போன் செய்தார். தன்னையும் சேர்த்து ஆறு பேர் உறுதி. டீச்சர் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தார். அக்கா கிளினிக்கைப் பூட்டிவிட்டு, போனைக் காதில் அணைத்தபடியே படியிறங்கினார். பேச்சு மும்முரத்தில் கடைசிப் படி கண்ணில் படவில்லை. கணுக்கால் மடங்கி, கைப்பை ஒரு பக்கம் பறக்க, தரையில் உட்கார்ந்துவிட்டார். போன் மட்டும் காதைவிட்டு அசையவில்லை. என்ன அங்கே 'ஐயோ' என்று சத்தம் கேட்டது என்று டீச்சர் விசாரித்தார்.

"பக்கத்துக் கடை டிவி. நீங்க சொல்லுங்க, வரீங்கள்ல?"

டீச்சர் வருகிறேன் என்ற பிறகுதான் அக்கா எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை.

வீட்டுக்காரருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிகாலையில் வந்து பார்த்தால் அக்கா சமையலறையில் வாளித் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தலையில் தொப்பி, தோளில் பை.

"டாக்டர்கிட்டதானே வேலை பாக்குற? அவருகிட்ட காட்டக் கூடாதா?"

"அவரு பல்லு டாக்டருங்க."

மலை எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த வாரம் போ என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"மலை இருக்கும். நாங்க இருக்க மாட்டோம்."

காலங்காத்தாலே என்ன பேச்சு இது என்று அவர் எரிந்து விழுந்தார். பிறகு தலையில் மாவு ஒட்டியிருந்த அந்த மனுஷன், முணுமுணுத்துக்கொண்டே தரையில் குந்தி, அக்காவின் காலைத் துடைத்து ஷூவுக்குள் நுழைத்து லேஸைக் கட்டிவிட்டார். பஸ் நிலையம் வரைக்கும் வந்து ஏற்றிவிடவும் செய்தார். அதோடு நிற்காமல் நீங்களும் வாங்களேன் என்று அக்கா இழுத்திருப்பார்தான். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்ற ஆளுக்குக் கண் செருகிக்கொண்டு போனதைப் பார்த்து விட்டுவிட்டார்.

பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டார். தலைகளை உட்கார்ந்தபடியே எண்ணினார். பூட்டுக்காரர், டீச்சர், அண்ணன், அண்ணி, மௌனி, செயலாளர், தான். ஏழு. வழி முழுக்க ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தார். வலி தெரியக் கூடாதென்று வழக்கத்தைவிட இரண்டு பங்கு பேசினார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்கா சும்மா இருந்தால்தான் சந்தேகம் வரும்.

மலையடிவாரத்தில் பஸ் நின்றது. பேசத் தெரிந்த வாய்க்கு இறங்கத் தெரியவில்லை. கடைசிப் படியில் கால் ஊன்றிய மாத்திரத்தில் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் வந்த மௌனி தோளைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். நிழற்குடையின் பெஞ்சில் உட்காரவைத்து டீச்சர் ஷூவைக் கழற்றினார். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் கணுக்கால் இல்லை. பிசைந்து வைத்த மாவு மாதிரி ஒன்று இருந்தது. டீச்சர் பையிலிருந்து பேண்டேஜை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார், திட்டிக்கொண்டே. வந்த பஸ் திரும்பிப் போய்விட்டது. அடுத்த பஸ் மதியம்.

எல்லோரும் மனசுக்குள் எண்ணினார்கள். ஆறு.

பூட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமினார். "அக்கா இங்கயே உக்காந்திருக்கட்டும். நாம போயிட்டு வந்துடுவோம். ஏழுன்னு வச்சுக்குவோமே, யாரு வந்து பாக்கப் போறா?"

கடைக்காரத் தம்பதி அதிசயமாக ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். செயலாளர் என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தார்கள். பதில் பெஞ்சிலிருந்து வந்தது.

"வேணாம் தம்பி. வராத ஆள இதுவரைக்கும் நான் எண்ணினதில்ல. நடக்காத ஆளயும் எண்ண மாட்டேன். நான் எந்திரிக்கலன்னா ஆறுதான்."

சொல்லிவிட்டு ஷூவைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கழகம் பிழைக்க வேண்டுமென்று படியில் உருண்டவர், தன் வாயாலேயே அதற்கு முடிவு சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டீச்சர் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

செயலாளர் பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றார். மீட்டர் பார்க்க ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர் மாதிரி குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லுங்கம்மா. கால் இதுக்கு மேல கெட்டுப்போகாம எது வரைக்கும் நடக்க முடியும்?"

அக்கா நிமிர்ந்து பாதையைப் பார்த்தார். உச்சியைப் பார்க்கவில்லை. முதல் வளைவைக்கூடப் பார்க்கவில்லை. அதற்கும் முன்னால் பாதையோரம் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. இறங்கி வருகிறவர்கள் ஷூ கழுவுகிற குழாய். ஏறும்போது யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"ரெண்டு குச்சி இருந்தா, அந்தக் குழாய் வரைக்கும் போயிட்டு வரலாம் சார்."

"சரி. இன்னைக்கு நடை அந்தக் குழாய்க்கு."

அவ்வளவுதானா என்று அண்ணி கேட்டுவிட்டார். இதற்காகவா விடியற்காலையில் எழுந்து முட்டை அவித்தேன் என்றும் கேட்டார்.

"விதியில ஆள் கணக்கு இருக்கு. தூரம் எழுத விட்டுப்போச்சு," என்றார் செயலாளர். "விட்டது நான்தான். கிளம்புங்க."

மலை ஏற ஊன்றிக்கொள்ளும் தன் இரண்டு குச்சிகளையும் மௌனி அக்காவிடம் நீட்டினார். அக்கா எழுந்து நின்றார். விரலை நீட்டி எண்ணினார். கடைசியில் தன் நெஞ்சிலும் விரலை வைத்து எண்ணிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது முழு மரியாதையோடு நடந்த நடை. ஒரு சடங்கும் குறையவில்லை. செயலாளர் முன்னால். அக்கா நடுவில், குச்சிக்கு ஒரு அடியாக. பக்கத்தில் டீச்சர், பழக்க தோஷத்தில், இடது பக்கம் கல், மெதுவாக, அவசரப்படாமல் திருப்புங்கள் என்று சொல்லிக்கொண்டே. பாதி வழியில் ஓய்வு எடுப்பதா வேண்டாமா என்று தம்பதிக்குள் வாக்குவாதம் வந்தது. வழக்கம்போல அண்ணி ஜெயித்தார். எல்லோரும் நின்று வராத வேர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பெரிய கழகத்துப் பனியன்காரர் இருவர் உச்சியிலிருந்து ஓடி இறங்கினார்கள். ஒருவர் ஓட்டத்தை நிறுத்தாமலே, ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறீர்களா என்று விசாரித்தார்.

"கீழேர்ந்து," என்றார் பூட்டுக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு.

குழாயடியில் வட்டமாக உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்னாலேயே பையைப் பிரித்தார்கள். ரொட்டியும் முட்டையும் கைமாறின. அக்கா காலைக் குழாய்க்கு அடியில் நீட்டிக்கொண்டார். ஏறவும் இறங்கவும் வேண்டாததால் பேச மட்டும் நேரம் இருந்தது. அக்கா பல வருஷமாகக் கேட்க நினைத்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டார்: மௌனிக்கு என்ன வேலை?

மௌனி ரொட்டியை விழுங்கிவிட்டு, ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை என்றார். எங்கேயோ கேட்ட கனமான குரல். எங்கே என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிடிபட்டது. அந்தக் குரலை நம்பித்தான் அவர்கள் இத்தனை வருஷமாக ரயில் ஏறியிருக்கிறார்கள். "ஆறு நாளும் நான்தாங்க பேசறேன்," என்றார். பூட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. முதுகில் தட்டிவிடத் தம்பதி இருவரும் போட்டி போட்டார்கள்.

வெயில் ஏறிய பிறகு இறங்கினார்கள். திரும்பும்போது அக்கா இரண்டு இடத்தில் நின்றார். அவர் நின்ற இடத்திலெல்லாம் ஆறு பேரும் நின்றார்கள். தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் நின்றார்கள். நிழற்குடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா குச்சிகளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பெரிய மூச்சு ஒன்று விட்டார்.

நடை முடிந்ததும் அன்றைய தூரத்தை உரக்கச் சொல்வது செயலாளரின் வழக்கம். இடுப்பில் அதற்கென்று ஒரு கருவி மாட்டியிருப்பார். அதை எடுத்துப் பார்த்தார். கையால் ஒரு தட்டுத் தட்டி மறுபடி பார்த்தார். பேசாமல் பைக்குள் போடப் போனார்.

"சொல்லுங்க சார்," என்றார் அக்கா.

செயலாளர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஏழு பேருக்கும் கேட்கும்படி நிமிர்ந்து நின்றார்.

"முந்நூற்று நாற்பது மீட்டர்."