நாடகம் பேசப் போனவள்

இரண்டு வருடம் மழை இல்லை. மூன்றாம் வருடம் ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. பேரையூர்ப் பக்கம் பருத்தி நன்றாக விளைந்திருக்கிறது என்று பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஆனால் மாசி பிறந்து திருவிழாக் காலம் நெருங்கியும், நாடகம் பேச மதுரைக்கு ஓர் ஊர்க்காரரும் வரவில்லை.

எழுபதுகளில் நான் நாடகங்களில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம், ஆடிக்கொண்டிருந்தேன். கிராமத்துத் திருவிழா நாடகங்கள்தான் எங்கள் பிழைப்பு. மதுரையில் நாடக நடிகர் சங்கக் கூடத்துச் சுவரில் எங்கள் போட்டோக்களை வரிசையாக மாட்டியிருப்போம். ஊர்க்காரர்கள் வந்து, இந்த ராஜபார்ட், இந்த ஸ்திரீபார்ட் என்று கை காட்டி, வெற்றிலை பாக்கு வைத்துப் பேசி முடிப்பார்கள். வெற்றிலையை வாங்கிவிட்டால் காய்ச்சலில் கிடந்தாலும் போய் ஆடியாக வேண்டும். கொடுத்த ஊரும் பின்வாங்கக் கூடாது. நாங்களாக ஓர் ஊருக்குப் போய் நாடகம் கேட்கிற வழக்கம் மட்டும் கிடையாது. அதைக் கேவலம் என்று நினைத்தோம்.

பஞ்சத்தின்போது விவசாயம் பார்க்கிற சம்சாரிகளுக்கு ரோடு போடுகிற வேலை கொடுத்தார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன். பெயர் எழுதிய ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நாடகக்காரிக்கு எதுக்கும்மா மம்பட்டி?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வந்த கோபத்தில் அவன் நோட்டைப் பிடுங்கி என் பெயரை நானே எழுதினேன். பத்து நாள் மண் சுமந்தேன். விவசாயம் படுத்தால் நாடகமும் கூடவே படுத்துவிடும் என்பது ஏன் எந்த ஆபீசருக்கும் தெரியவில்லை என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் செட்டில் ஆர்மோனியம் வாசித்த அண்ணன் திருப்பரங்குன்றத்தில் குடியிருந்தார். பின்பாட்டும் அவர்தான். அவர் இல்லாமல் மேடையில் எனக்கு வாயே திறக்காது. அந்த மாசியில் ஒருநாள் கூடத்துக்கு வந்து, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை கிளம்புகிறேன் என்றார்.

"திரும்பி வருவீகளாண்ணே?"

"மழை பேஞ்சும் ஒருத்தரும் கூப்பிடலையே ஆத்தா. நம்மள மறந்துட்டாக. எதுக்குத் திரும்பி வரணும்?"

எனக்குச் சுருக்கென்றது. "மறந்துட்டாகளான்னு நேர்ல போயி கேட்டுருவோம். நாளைக்கு நீங்களும் வாரீக."

"நாமளா தேடிப் போயா? நான் வாயத் தொறந்து கேக்க மாட்டேன்."

"கேக்க வேணாம். கூட நில்லுங்க, போதும்."

கூடத்தில் இருந்த பபூன் வேடக்காரர் விடவில்லை. "ஸ்திரீபார்ட்டு இப்ப ஏஜெண்டு வேலையும் பாக்குதா?" என்றார். "ஆமா, உங்களுக்கும் சேத்துத்தான் பேசப் போறேன், வேணாமா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பேரையூரில் இறங்கி நடந்தால் வருகிற ஓர் ஊர். வருடம் தவறாமல் எங்கள் செட்டைத்தான் கூப்பிடுவார்கள். பஞ்சம் வந்த முதல் வருடம் வெற்றிலை வைத்துவிட்டுப் போய், பிறகு நாடகம் வேண்டாம் என்று ஆளனுப்பியிருந்தார்கள். அதோடு அந்த ஊரிலிருந்து பேச்சுமூச்சு இல்லை.

ஊர் முகப்பில் பருத்திப் பொதி ஏற்றிய வண்டிகள் நின்றன. டீக்கடையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் ஒவ்வொருவராக எழுந்து நழுவினார்கள். அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"பாத்தியா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாக. வா, பஸ்ஸப் புடிப்போம்."

அவ்வளவு தூரம் போய்விட்டுச் சும்மா திரும்ப நான் தயாராக இல்லை. திருவிழாவை முன்னால் நின்று நடத்துகிற ஊர்த்தலைவர் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தேன். அண்ணன் பின்னாலேயே வந்தார். தலைவர் வாசலில் பருத்தி அள்ளிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வெற்றிலையைத் திண்ணையில் கிடந்த ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினேன்.

"நாங்களே வெத்தல கொண்டாந்துட்டோம். வேணாம்னா வாயத் தொறந்து சொல்லிருங்க."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெத்தலையக் குடுத்துட்டு வேணாம்னு ஆளனுப்புன ஊரு தாயி இது. எங்க பாட்டன் காலத்துலகூட அப்பிடி நடந்ததில்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மதுரைக்கு வந்து உங்களக் கூப்பிட? சுத்துப்பட்டு ஊரு அம்புட்டும் இப்பிடித்தான் கூசிக்கிட்டுக் கெடக்கு. இந்த வருசம் நாடகத்துக்குப் பதிலா ரேடியோ செட்ட மட்டும் கட்டிப் பாட்டுப் போட்டுருவோம்னு பேசிக்கிட்டோம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர்கள் வெட்கத்தில் வரவில்லை. நாங்கள் வீம்பில் போகவில்லை. இதற்குள் ஒரு மனிதர் திருப்பூருக்குப் பெட்டி கட்டிவிட்டார்.

"மழை இல்லாம நிப்பாட்டுனதுக்கு யாரு உங்களக் குத்தம் சொன்னா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "நீங்களா ஒளிஞ்சுக்கிட்டு எங்களப் பட்டினி போடுவீகளா?"

தலைவர் என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். "அவுக ஒண்ணும் பேச மாட்டேங்கிறாகளே. இன்னும் மனசு ஆறலையோ?"

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லித்தானே வந்திருந்தார். நான் பேசி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"திருவிழா என்னைக்குன்னு சொல்லுங்க," என்றார். "திருப்பூருக்கு வரலைன்னு இன்னைக்கே நான் கடுதாசி போடணும்."