எதிர்வீட்டுக் கருரு

என் அம்மா வால்தெலிசி, பள்ளிச் சீருடை தைப்பவள். சல்வதோர் நகரின் மேட்டுச் சந்து ஒன்றில் எங்கள் வீடு, எதிர்வீடு இல்தெச்சியுடையது. அம்மா சபைக்காரி. இல்தெச்சி செப்டம்பர்தோறும் கோஸ்மி, தாமியான் என்ற இரட்டைப் புனிதருக்குக் கருரு சமைப்பாள். வெண்டைக்காயைச் செம்பனை எண்ணெயில் குழைய வேகவைத்து முதலில் சிலைகளுக்குப் படைப்பாள்; பிறகு பிள்ளைகளுக்கு, பிறகு சந்து முழுக்க.

சிலைக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்று சபையார் பலர் அன்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். அம்மா போய்ச் சாப்பிடுவாள். "வெண்டைக்காய மொளைக்க வச்சது யாரு, சிலையா?" என்பாள். பாஸ்டர் அவளிடம் வாயைக் கொடுப்பதில்லை.

கருருவில் சில காய்களை நறுக்காமல் போடுவது வழக்கம். முழுக்காய் யார் தட்டில் விழுகிறதோ அவர் அடுத்த ஆண்டு இரட்டையருக்குச் சமைத்துப் படைக்க வேண்டும். ஒரு வருடம் அது அம்மாவின் தட்டில் விழுந்தது.

"மாட்டிக்கிட்டியா? சட்டி நான் தர்றேன், எண்ணெ உன்னுது," என்றாள் இல்தெச்சி.

"உன் சாமிங்களுக்கு ஆளு தெரியல, போடி," என்று அம்மா காயை மென்று விழுங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வாசலில் நின்ற ஜூசேலியா சிரிக்கவில்லை. ஆப்பிரிக்கத் தெய்வங்களின் கோயிலில் இளவயது முழுக்கப் படையல் சமைத்தவள். அந்த ஆண்டுதான் எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தாள். அம்மாவே சாப்பிடுகிறாளே என்று அவளும் ஒரு தட்டு வாங்கினாள். அதன்பின் சபைப் பக்கம் வரவில்லை. அம்மா தேடிப் போனாள். நானும் உடன் போனேன்.

"உங்களுக்கு அது வெறும் காய்க்கா. எனக்கு அப்படியில்ல. யாருக்குன்னு பேர் சொல்லிச் சொல்லித்தான நான் சமைச்சேன். தின்னதும் பழைய எடத்துக்கே திரும்பிட்ட மாதிரி இருக்கு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஜெபம் பண்றது?"

அம்மா வாதாடவில்லை. "இனிமே நான் அதத் தொடல. நீ ஞாயித்துக்கெழம வா," என்றாள். ஜூசேலியா வந்தாள்.

அடுத்த செப்டம்பரில் இல்தெச்சி தட்டோடு வந்தபோது அம்மா வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. சொன்னால் ஜூசேலியாவின் பெயர் சந்தெல்லாம் உருளும்.

"ஓ, நீயும் அவங்கள மாதிரி ஆயிட்டியா? என் கையால ஆக்கினது பேய்ச் சோறா?"

மறுநாள் அம்மா தேங்காய் நாரோடு போய், எண்ணெய் பிடித்த சட்டிகளைத் தேய்த்துக் கொடுத்தாள்.

"தின்னா பாவம், தேய்ச்சா பாவமில்லையாக்கும்," என்றாள் இல்தெச்சி. ஆனால் விரட்டவில்லை.

ஒவ்வொரு ஆண்டும் அப்படியே நடந்தது. பேச்சுவார்த்தை திரும்பியது, இல்தெச்சியின் மனத்தாங்கல் தீரவில்லை. கருரு வாசனை வரும் நாளில் அம்மா தையல் மெஷினை விட்டு எழமாட்டாள். அவளுக்கு மிகப் பிடித்த பண்டம் அது.

இந்த ஜூலையில் அம்மா போய்விட்டாள். செப்டம்பரில் தட்டு வரவில்லை. மறுநாள் ஜூசேலியா நாரோடு எதிர்வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன்.

"நீயா? இந்த எண்ணெ வாடையே உனக்கு ஆகாதே," என்றாள் இல்தெச்சி.

"ஆகாதுதான். அக்கா எனக்காகத்தான் உங்க வீட்ல திங்காம இருந்தாங்க. உங்க மேல அவங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. அதச் சொல்லிட்டுக் கழுவலாம்னு வந்தேன்."

இல்தெச்சி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் அந்தக் கழுத," என்றாள் கடைசியில். "படைக்கிறதுக்கு முன்னாடியே அவளுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருப்பேனே."

பிறகு பெரிய சட்டியை ஜூசேலியாவின் பக்கம் தள்ளினாள். சின்னதை என்னிடம் கொடுத்தாள்.